அலைமுகப்பு உணரி: சீரமைப்பும் அளவுத்திருத்தமும் (கேள்வி பதில்)

திருவையாறு, முதுகலை மாணவி: ஐயா, எங்கள் ஷேக்-ஹார்ட்மன் உணரியுடன் ஓர் ஒப்பீட்டுக் கோப்பு வந்தது. அதையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். ஒளியின் அலைமுகப்பு, அதாவது அலையின் ஒரே கட்டத்திலுள்ள புள்ளிகள் சேர்ந்த பரப்பு, எப்படிச் சாய்ந்தும் வளைந்தும் இருக்கிறது என்பதை இந்த உணரி அளக்கிறது. அதன் முகப்பிலுள்ள நுண்வில்லை அணியில் ஒவ்வொரு நுண்வில்லையும் தனக்குப் பின்னுள்ள கேமராவில் ஓர் ஒளிப்புள்ளியைக் குவிக்கிறது. அலைமுகப்பு அவ்விடத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு அப்புள்ளி நகர்கிறது. குவியத் தொலைவு 5 மி.மீ., பிக்ஸல் 5 மைக்ரான் எனில், ஒரு பிக்ஸல் நகர்வு 1 மில்லிரேடியன் சாய்வு. எங்கிருந்து நகர்ந்தது என்பதைச் சொல்பவை ஒப்பீட்டுப் புள்ளிகளே. உங்களுக்கு வந்த கோப்பில் உள்ளவை வேறோர் ஊரில், வேறு வெப்பநிலையில், உங்கள் வில்லைகள் இல்லாமல் பதிவானவை. சிங்கிள் மோட் ஃபைபரின் (ஒளியை ஒரே வடிவில் மட்டும் கடத்தும் மெல்லிய இழையின்) ஒளியை நல்ல வில்லையால் இணைக்கற்றையாக்கி, ஷியர் பிளேட்டால் (கற்றை இணையாக உள்ளதா என்று பட்டைகளால் காட்டும் கண்ணாடித் தட்டால்) சரிபார்த்து, அளவீட்டுக் கற்றை செல்லும் அதே பாதையில் அனுப்பி, 100 படங்களின் சராசரியைப் புதிய ஒப்பீடாகச் சேமியுங்கள். அந்த வில்லையின் பிழை ஒப்பீட்டிலும் ஏறிவிடும் என்பதால் அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கும்பகோணம், ஆய்வக உதவியாளர்: உணரியுடன் வந்த குறிப்பேட்டிலுள்ள குவியத் தொலைவை அப்படியே நம்பலாமா?

கணக்கில் வருவது நுண்வில்லை அணிக்கும் கேமரா சில்லுக்கும் இடையே உள்ள தொலைவு. அது குறிப்பேட்டு எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. இடையில் எந்த வில்லையும் வைக்காமல், ஃபைபர் முனையை உணரிக்கு நேராக 1 மீட்டரில் நிறுத்துங்கள். அங்கிருந்து வரும் கோள அலை, மையத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி 2 மைக்ரான் பின்தங்கியிருக்கும். ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டரில் அது ஏறத்தாழ 3 அலைநீளம். முனையைத் தண்டவாளத்தில் படிப்படியாக நகர்த்தி, உணரி காட்டும் வளைவைத் தொலைவின் தலைகீழோடு வரைபடமாக்குங்கள். கோட்டின் சரிவு 1 ஆக இல்லையெனில் திருத்த வேண்டியது அந்தத் தொலைவைத்தான். இச்சோதனை முடியாமல் உணரி தரும் எந்த எண்ணையும் நான் ஏற்பதில்லை.

மன்னார்குடி, ஆசிரியர்: உணரிக்குக் கற்றையை அனுப்பும் கண்ணாடியைச் சாய்த்தால் புள்ளிகளோடு ஒளிவட்டத்தின் விளிம்பும் நகர்கிறதே?

கண்ணாடியின் பிம்பம் நுண்வில்லைகளின் மேல் விழவில்லை. விளிம்பு அசையாமல் புள்ளிகள் மட்டும் நகரும் இடம் வரும்வரை உணரியை அச்சின் வழியே நகர்த்துங்கள்.

தஞ்சாவூர், ஆய்வு மாணவர்: பிற்பகலில் அளவுகள் தடுமாறுகின்றன.

சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்த மனமில்லாமல் நானும் ஒருமுறை அளந்தேன். படித்துறை நீரில் தெரியும் விளக்கொளிபோல் புள்ளிகள் நடுங்கின. கற்றையின் பாதை முழுவதையும் அட்டைப்பெட்டியால் மூடியபின்தான் அவை அடங்கின. கேமரா சூடேறி நிலைபெற அரைமணி நேரம் கொடுங்கள். மின்வெட்டுக்குப் பின் அதே அரைமணி காத்திருந்து, ஒப்பீட்டையும் புதிதாக எடுங்கள்.