மூங்கில் இல்லாத பத்தி (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கியோத்தோ போய்வந்த நண்பர் ஒரு பெட்டி ஊதுபத்தி கொடுத்தார். உள்ளே மூங்கில் குச்சியே இல்லை, சேமியா போல மெலிந்த இழைகள். ஸ்டாண்டில் செருகப்போனால் ஒடிகிறது. ஏற்றினால் பக்கத்து அறைக்குக்கூட வாசம் போகவில்லை. பத்து ரூபாய் பாக்கெட்டே தெருவரை மணக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு விலை? ‘நாம்தான் ஜப்பான்காரனுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தோம்’ என்று வாட்ஸப்பில் வேறு வந்தது. உண்மையா?

க., பல்லடம்

அன்புள்ள க.,

வாட்ஸப்பை முதலில் முடித்துவிடுவோம். சந்தனக்கட்டை நம் பக்கத்திலிருந்து போனது உண்மை. மைசூர்ச் சந்தனத்துக்கு அங்கே இன்றும் தனி மதிப்பு. ஆனால் தூபம் போடும் வழக்கம் பௌத்தத்தோடு சீனா, கொரியா வழியாகப் போனது. அடுத்து போதிதர்மரை இழுக்க வேண்டாம் என்று குரூப் அட்மினிடம் சொல்லுங்கள்.

நம் பத்தி பெரும்பாலும் கரித்தூளையும் மரத்தூளையும் மூங்கிலில் உருட்டி, காயவைத்து, சென்ட்டில் முக்கியது. தெருவரை போவது அந்த சென்ட். அங்கே சந்தனம், அகில், கிராம்பு எல்லாம் பொடியாகி மாவோடு பிசையப்படும். அறைக்குள் அடங்கும் மணம்தான் அவர்களுக்கு நல்ல மணம். விலையை ஏற்றுவது அகில். மரம் காயம்பட்டு, பூஞ்சை பிடித்து, பிசின் ஊறிய இடம் மட்டுமே மணக்கும். நோயில்லாத கட்டை வெறும் விறகு. மலிவு ரகங்களில் அங்கேயும் செயற்கை வாசனைதான். உங்கள் பெட்டி எதுவென்று நண்பரைக் கேளுங்கள்.

எனக்கு மணத்தைவிட, மூங்கில் இல்லாமல் அது நிற்பதுதான் வியப்பு. தபு என்ற மரத்தின் பட்டைத்தூள்தான் பசை. வெந்நீர் விட்டுப் பிசைந்து அச்சில் அழுத்தினால் இடியாப்பம்போல இழை இறங்கும். ஒருவர் பலகையை நீட்டி வாங்கி, நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை மூங்கில் கத்தியால் நறுக்குவார். நறுக்கியது மறுபடி மாவுக்கே போகும். பிறகு ஈர இழைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் சந்தும் விடாமல், ஒட்டி ஒட்டிப் படுக்கவைக்க வேண்டும். சந்து விட்டால் காயும்போது கோணிக்கொள்ளும். வெயிலும் ஆகாது. நாள்கணக்கில் காற்றில்தான் காய வேண்டும்.

அதனால்தான் ஜப்பானியப் பத்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் அவாஜித் தீவில் உருவாகிறது. அங்கே எய் என்ற துறைமுக ஊரில் 1850-இல் இந்தத் தொழில் தொடங்கியது. குளிர்காலத்து மேல்காற்றில் படகு இறக்க முடியாது, கையில் வேலையும் இருக்காது. படகைக் கட்டிப்போட்ட அதே காற்று பத்தியைக் காயவைத்தது. காற்றுக்கு ஏற்பத் திறந்து மூடும் சட்டப்பலகைச் சன்னல்கள் அங்கத்திய உலர்த்தும் கூடங்களில் உண்டு.

595-இல் இதே தீவில் ஓர் அகில் கட்டை கரை ஒதுங்கியதாகவும், விறகென்று எரித்த ஊரார் மணத்தில் திகைத்து அதை அரசிக்கு அனுப்பியதாகவும் ஜப்பானின் பழைய வரலாற்று நூலான ‘நிஹோன் ஷோக்கி’ சொல்கிறது. அழகான கதை. இரண்டையும் முடிச்சுப்போட ஆசை வரும், ஆனால் நடுவில் 1,250 வருடம் கிடக்கிறது.

ஸ்டாண்டை விடுங்கள். வரட்டிச் சாம்பலைச் சலித்து ஒரு கிண்ணத்தில் நிரப்பி அதில் நடுங்கள். ஒடிந்தால் கவலை வேண்டாம். ஜோதோ ஷின்ஷூ பௌத்தர்கள் வேண்டுமென்றே ஒடித்து, சாம்பல்மேல் படுக்கவைத்துத்தான் ஏற்றுகிறார்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.