எதிர்க்காற்று – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எனக்கு 41 வயது. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். பத்தாவது முடித்து ஐடிஐயில் ஃபிட்டர் படித்தேன். மணலி பக்கம் ஒரு கம்பெனியில் பம்ப், கம்ப்ரஸர் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். சின்ன வயதில் மொட்டை மாடியே கதி என்று காத்தாடி விட்டவன். இன்றைக்கும் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி, "போய்ப் பாருங்க" என்றாள். மச்சான்தான், "பைலட் வேலைக்குப் போறதா இருந்தா செலவு பண்ணு, சும்மா ஆசைக்கு யாராவது லட்சத்தைக் கொட்டுவாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன். இந்த வயதில், இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு முடியுமா? நடுவானில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் மேல், ஆசைக்காக இவ்வளவு செலவு செய்வது தப்பா?

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

*

அன்புள்ள தம்பி,

படிப்பு, கண்ணாடி, வயது மூன்றையும் முதலில் முடித்துவிடுவோம். மூன்றுமே தடை இல்லை. பொழுதுபோக்குக்காகப் பறப்பவருக்கு வேண்டியது பிரைவேட் பைலட் லைசென்ஸ், சுருக்கமாக பிபிஎல். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு முன் மாணவர் லைசென்ஸ் ஒன்று உண்டு, அதை 16 வயதிலேயே எடுக்கலாம். காற்று, வானிலை, வழி கண்டுபிடித்தல், சட்டம், இன்ஜின் பற்றிய தேர்வுகள் இருக்கின்றன. பம்பையும் கம்ப்ரஸரையும் பிரித்துப் பூட்டுகிறவருக்கு அவை மிரட்டும் பாடங்கள் அல்ல. மருத்துவப் பரிசோதனையில், அதாவது மெடிக்கலில், இரண்டாம் வகுப்புச் சான்று வேண்டும். கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். நிறங்களைப் பிரித்தறிகிறீர்களா என்றும் பார்ப்பார்கள். யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன்னால் இந்த மெடிக்கலை முடித்துவிடுங்கள்.

வயதுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபாலை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குச் சிறிய விமானம் ஓட்டிவந்தார் ஜே.ஆர்.டி. டாடா. அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை நம் மெட்ராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சரியாக 50 வருடம் கழித்து, 1982இல், அதே கராச்சி–பம்பாய் வழியில் டாடா மறுபடியும் தனியாகப் பறந்தார். அப்போது அவருக்கு 78 வயது. நீங்கள் 41க்குக் கவலைப்படுகிறீர்கள்.

இனி மச்சான். அவர் உங்கள் வீட்டுக் கணக்கை நினைத்துக் கேட்கிறார், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. பிபிஎல்லை வைத்துக்கொண்டு கூலிக்குப் பறக்க முடியாது, சட்டமே அனுமதிக்காது. சம்பாதிக்க வேண்டுமென்றால் கமர்ஷியல் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகவே இந்தக் காசு திரும்பி வராது என்று அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். வராத காசை ஒரு மனிதன் செலவழிக்கலாமா என்றால், கடன் வாங்காமல், பிள்ளைகள் படிப்பில் கை வைக்காமல் முடிந்தால் செலவழிக்கலாம் என்பது என் முடிவு. வீணை கற்றுக்கொள்கிறவரிடம் கச்சேரிக்குப் போகப்போகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அதற்கு முன் நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது மேலிருந்து பார்ப்பதா, ஓட்டுவதா? காசிமேடு, எண்ணூர் புகைபோக்கிகள், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், ஜன்னல் சீட்டில் ஒருமுறை போய் வந்தாலே தீர்ந்துவிடும். கற்றுக்கொள்ளும்போது கீழே பார்க்க நேரமே இருக்காது. நம் ஊர் வானம் சும்மா சுற்றிப் பார்க்கக் கிடைக்கிற வானமும் இல்லை. மீனம்பாக்கத்தின் கட்டுப்பாட்டு எல்லை, தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணம் கடற்படைத் தளம், தெற்கே கல்பாக்கம் தடைப்பகுதி என்று நான்கு பக்கமும் வேலி. உங்கள் 40 மணி நேரத்தில் பெரும்பகுதி ஏதோ ஒரு ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வருவதிலேயே கழியும். ஏறுவது, திரும்புவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. அதற்குச் சம்மதமா என்று பாருங்கள்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மொத்தக் கோர்ஸுக்குச் சேராமல், பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை பறந்துவிட்டு வாருங்கள். இறங்கியதும், மேலே இருந்தபோது உங்கள் கண் எங்கே போனது என்று நினைத்துப் பாருங்கள். வீடுகளையும் ஏரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தீர்களா, பயிற்சியாளரின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? நான் பாதங்களைப் பார்த்தேன். வேகம் கூடிக்கொண்டே போகும்போது அவருடைய வலது கால் பெடலை லேசாக அழுத்திக்கொண்டே இருந்தது. ஏன் வலது கால் மட்டும் என்பது அன்றிரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. (புரொப்பெல்லரின் சுழற்சி மூக்கை இடது பக்கம் இழுக்கும், அதை வலது காலால் பிடித்து நேராக்க வேண்டும்.)

உங்கள் காத்தாடிக்கு வருகிறேன். கண்ணாடித்தூள் மாஞ்சாவைப் பற்றி எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. பைக்கில் போனவர்களின் கழுத்தை அறுத்து உயிர் குடித்த நூல் அது, தடை போட்டது நியாயம். ஆனால் காத்தாடியில் நூலைப் பிணைக்கச் சூத்திரம் என்று முடிச்சு கட்டினோமே, அது வேறு. மேல் முடிச்சை அரை விரல் கூட்டினாலோ குறைத்தாலோ காத்தாடி ஒழுங்காக ஏறுமா, தலைகீழாகச் சுற்றி விழுமா என்பது மாறிவிடும். அந்த முடிச்சால் நாம் மாற்றியது, காகிதம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை. விமான இறக்கைக்கும் அதே கோணம்தான் உயிர். சாதாரணச் சிறு விமானத்தில் அது ஏறக்குறைய 16 டிகிரியைத் தாண்டினால் இறக்கையின் மேல் ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்கும் சக்தி விழுந்துவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். வண்டி இன்ஜின் ஆஃப் ஆவதையும் நாம் ஸ்டால் என்பதால் பலர் குழம்புகிறார்கள். இங்கே இன்ஜின் முழு பலத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம். மூக்கைக் கீழே இறக்கினால் சரியாகிவிடும். விழுவது போல இருக்கும்போது இன்னும் கீழே தள்ளு என்பது உடம்புக்குப் பிடிக்காத காரியம், அதனால்தான் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். இன்னொரு வித்தியாசம்: காத்தாடி விடுகிறவன் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பான். விமானம் காற்றுக்கு முகம் காட்டித்தான் ஏறும், இறங்கும்.

இன்ஜின் நின்றால்? சிறு விமானம் கல்லைப் போல விழாது. நான் கற்றுக்கொண்ட செஸ்னா 152, இரண்டு பேர் உட்காரும் வண்டி. இன்ஜின் இல்லாமல் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே போகும். 3,000 அடியில் நின்றுபோனால் எட்டு கிலோமீட்டர் அளவுக்கு மிதந்து வரலாம். அதற்குள் வயலோ தரிசோ பார்த்து இறக்க வேண்டும், அதையும் இன்ஜினைத் தணித்துவைத்துப் பழக்குவார்கள். ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பெரும்பகுதி தரையிலேயே பிடிபடக்கூடியது, உங்களைப் போன்ற மெயின்டனன்ஸ் ஆள் அதை ரசிப்பார்.

ஒரு காலை. முந்தின இரவு மழை. இறக்கைக்கு அடியில் இருக்கும் வடிகாலில் கண்ணாடிக் குப்பி போன்ற ஒன்றை வைத்து அழுத்தினால் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருள் இறங்கும். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். குப்பியை வானத்துக்கு நேராகப் பிடித்தேன். வெளிர் நீலம், அதன் அடியில் சுண்டைக்காய் அளவுக்கு நிறமில்லாத ஓர் உருண்டை, குப்பியைச் சாய்த்த பக்கமெல்லாம் உருண்டது. தண்ணீர். டாங்க் மூடியின் ரப்பர் தேய்ந்து மழை இறங்கியிருந்தது. அது கார்புரேட்டருக்குப் போயிருந்தால் ஓடுதளத்தின் முனையைத் தாண்டி 200 அடி உயரத்தில் இன்ஜின் இருமியிருக்கும். குப்பியில் நீலம் மட்டும் வரும்வரை ஐந்து முறை இறக்கினோம், பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அதன்பிறகு, பிளக்குக்குப் பொறி தரும் மேக்னட்டோவின் சோதனை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இன்ஜினுக்கு மொத்தம் இரண்டு தனித்தனி மேக்னட்டோ, பேட்டரி செத்தாலும் பொறி வரும். இன்ஜினை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து ஒன்றை அணைத்துப் பார்க்க வேண்டும். 125 சுற்றுக்கு மேல் குறைந்தால் அன்றைக்குப் பறப்பு கிடையாது.

கிடையாது என்பதைக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும் தம்பி. எனக்கு இந்தப் பறப்பு கற்றுத்தந்தவற்றில் மிகக் கஷ்டமான பாடம் அதுதான். நான் கற்றுக்கொண்டது பெங்களூர் ஜக்கூர் விமானத் தளத்தில். வெள்ளி ராத்திரி சென்ட்ரலில் பெங்களூர் மெயில் பிடிப்பேன், விடியும்போது அங்கே இருப்பேன். பிபிஎல்காரர் கண்ணால் பார்த்துப் பறக்கிறவர், பொதுவாக 5 கிலோமீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும். போகிப் பண்டிகைக் காலையில் நம் பேட்டைத் தெருக்களில் டயர் புகையும் பனியும் சேர்ந்து எதிர்வீடு மறைந்துபோகும் அல்லவா? 2018 போகியன்று மீனம்பாக்கத்திலேயே பெரிய விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. ஜக்கூரில் ஒரு சனிக்கிழமை பனி பத்து மணி வரை விலகவில்லை. விலகியதும் காற்று ஓடுதளத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டது. "ராத்திரியெல்லாம் ரயிலில் வந்தேன் சார், ஒரே ஒரு சுற்று" என்று கெஞ்சினேன். பயிற்சியாளர், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பையைக் காட்டினார். "நீங்க எவ்வளவு தூரத்துல இருந்து வந்தீங்கன்னு அதுக்குத் தெரியாது." அன்று பறக்காமலேயே ஊர் திரும்பினேன். மறுவாரமும் அப்படியே. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் காசிமேட்டில் படகைக் கட்டிவிட்டு வலை பின்ன உட்கார்ந்துவிடுவார்கள், அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. அவர்களைப் பார்த்து வளர்ந்தும் எனக்கு இது புரிய அத்தனை ரயில் டிக்கெட் தேவைப்பட்டது.

முதல் தனிப்பறப்பைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மூன்று சுற்று நன்றாக இறக்கியிருந்தேன். பயிற்சியாளர் நடுவில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். தன் சீட் பெல்ட்டைக் காலி இருக்கையில் இறுக்கிக் கட்டினார், ஸ்டியரிங்கில் சிக்கிக்கொள்ளக் கூடாதே. கதவைச் சாத்தி வெளியிலிருந்து இரண்டு தட்டு. அவ்வளவுதான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஆள் கனம் குறைந்ததால் வண்டி நான் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே தரையை விட்டது, வழக்கத்தைவிட வேகமாக ஏறியது. திரும்பும் இடத்தில் பழக்க தோஷத்தில் வேறு விமானம் ஏதும் வருகிறதா என்று வலது பக்கம் பார்த்தேன். அந்தக் காலி இருக்கையும் கட்டிய பெல்ட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. சின்ன வயதில் அப்பா சோழவரத்துக்கு கார் ரேஸ் பார்க்கக் கூட்டிப்போவார். அந்த ரேஸ் நடந்தது போர்க்கால விமான ஓடுதளத்தில் என்பது பெரியவனான பிறகுதான் தெரியும். தனியாக இறங்கி நின்றதும் எனக்கு அந்தச் சோழவரத்து வெயில்தான் ஞாபகம் வந்தது. லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்த அப்பா இதைப் பார்க்க இல்லையே என்று அழுதேன்.

பணம் பற்றி ஒன்று. நான் முதலில் சேர்ந்த ஒரு பயிற்சி நிலையத்தில் மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள், கட்டினேன். இருந்த ஒரே விமானம் பழுதாகி மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்தது. பாதிப் பணம் திரும்பி வரவே இல்லை. நீங்கள் பறந்த மணிக்கு மட்டும் காசு கொடுங்கள். ஒரு மணி நேரம் என்பதே ஐந்து இலக்கத் தொகை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள், 40 மணியில் முடிப்பவர்கள் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எத்தனை விமானம் நிஜமாகப் பறக்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள். இடைவெளி விட்டு விட்டுக் கற்றால் போன வாரம் கை கற்றது இந்த வாரம் மறந்திருக்கும். ஆகவே மூன்று வருடம் சேர்த்துவைத்து மூன்று மாதத்தில் பறப்பது நல்லது.

மெடிக்கல் முடிந்ததும் எழுதுங்கள். அந்த ஒரு முறை பறக்கப் போகும்போது கம்பெனி சேஃப்டி ஷூவில் போய்விடாதீர்கள். அடிப்பாகம் மெல்லிசாக இருக்கிற ஷூவாகப் பார்த்து வாங்குங்கள், பெடல் காலுக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்