பளிங்குக்குள் ஐதரசன்: இம்முறை வந்த கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐதரசன்தான். பளிங்குக்குள் (படிகத்துக்குள்) அணுக்கள் அதிரும்போது அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும் இடங்களைத்தான் கோடு என்கிறோம். அந்த இடங்களைச் செ.மீ⁻¹ இல் (ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை அலை என்ற கணக்கில்) தருகிறேன், எல்லாம் கிட்டத்தட்ட.

சிலிக்கன் பளிங்கின் அதிர்வுகள் 520 உடன் முடிகின்றன என்கிறார்கள். ஐதரசன் மட்டும் எப்படி 2000 பக்கம் நிற்கிறது? (உயர்தர மாணவி, கோண்டாவில்)

பாரமில்லாத அணு, இறுகிய பிணைப்பு. அவ்வளவுதான், பிள்ளை. 520க்கு மேலான அதிர்வைக் கடத்திக்கொண்டு போகப் பளிங்குக்கு வழியில்லை. அதனால் அது இருந்த இடத்திலேயே நின்று அதிர்கிறது.

2920 இல் புதுக் கோடு ஒன்று கண்டேன். ஐதரசன் குறைபாடா? உடன் பதில் தேவை. (பெயர், ஊர் இல்லை)

வெப்பநிலை இல்லை, மாதிரியின் தடிப்பு இல்லை, மாசு (வேண்டுமென்றே சேர்த்த வேற்றணு) என்னவென்றும் இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது. 2850க்கும் 2960க்கும் இடையில் வருவது பெரும்பாலும் விரலில் இருந்த எண்ணெய். அசற்றோனில் கழுவி, கையுறை போட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். கோடு போய்விட்டால் எனக்கு எழுத வேண்டாம்.

போரன் மாசூட்டிய சிலிக்கனை ஐதரசன் பிளாஸ்மாவில் வைத்தோம். 1875 இல் கோடு வந்தது. போரன்–ஐதரசன் சோடி என்று அறிக்கையில் எழுதலாமா? (ஆய்வு மாணவர், திருநெல்வேலி)

இன்னும் எழுதக்கூடாது. டியூற்றீரியம் (இரட்டிப்புப் பாரமுள்ள ஐதரசன்) போட்டுப் பார்த்தீர்களா? இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு அலுத்துவிட்டது. புத்தக அட்டவணையில் ஒரு எண்ணைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அட்டவணை சாட்சி அல்ல, தம்பி. ஐதரசனுக்குப் பதிலாக டியூற்றீரியத்தை விட்டால், குளிரில் 1903 இல் நிற்கும் இந்தக் கோடு 1390க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அது ஐதரசன் இல்லை. இரண்டையும் வகுத்தால் 1.37 வரும். பாடப்புத்தகத்து 1.41 (இரண்டின் வர்க்கமூலம்) வரவில்லையே என்று பதற வேண்டாம். சிலிக்கன் அணுவும் கொஞ்சம் ஆடுகிறது, பிணைப்பும் இலட்சிய வில் அல்ல.

இன்னொன்று, நம்மூர் ஈரக் காற்று. நீராவியின் கோடுகள் 1400 முதல் 1900 வரை கதியால் நட்ட வேலி போல நிற்கும். உங்கள் 1875 அதற்குள்தான் கிடக்கிறது. கருவிக்குள் உலர்ந்த நைதரசனை நன்றாக ஓடவிடுங்கள். பிறகு மாதிரியைத் திரவ நைதரசனில் குளிர்வியுங்கள். சோடியின் கோடு 1900 அளவுக்கு ஏறிக் கூராகும். நீராவிக் கோடுகள் அசையா. அப்புறம் தடைத்திறனையும் அளவுங்கள். 1983 இல் பாங்கோவ் குழுவினர், ஐதரசனால் போரன் செயலிழந்து தடைத்திறன் ஏறுவதை மின்னளவையில்தான் கண்டார்கள். 200 °C பக்கம் சூடாக்கினால் சோடி பிரிந்து போரன் மீள வேண்டும். இத்தனையும் ஒத்துப்போனால் தாராளமாக எழுதுங்கள், வெப்பநிலையையும் சேர்த்து.

கூரையில் சூரியத் தகடு பூட்டியிருக்கிறோம். அதற்குள் ஐதரசன் இருக்கிறதாமே, வெடிக்குமா? (பருத்தித்துறை)

வெடிக்காது. அது வாயுவாக இல்லை. சிலிக்கன் நைத்திரைட்டுப் பூச்சிலிருந்து உள்ளே போய், அறுந்து நிற்கும் பிணைப்புகளை அடைக்கிறது. அதனால் உங்களுக்கு மின்சாரம் கூடத்தான் கிடைக்கிறது.

நீல ஒளி டயோட்டு இத்தனை காலம் தாமதித்ததற்கும் ஐதரசன்தான் காரணமா? (ஆசிரியர், சாவகச்சேரி)

ஒரு காரணம். அந்த டயோட்டைச் செய்யும் கலியம் நைத்திரைட்டில் மகனீசியத்தைப் போட்டும் பி வகை (நேர் ஏற்றம் கடத்தும் குறைகடத்தி) கிடைக்கவில்லை. வளர்க்கும்போது அமோனியாவிலிருந்து வந்த ஐதரசன் அதை முடக்கிவைத்திருந்தது. 1989 இல் அகசாகியும் அமானோவும் இலத்திரன் கற்றையால் அதை எழுப்பினார்கள். 1992 இல் நகமுரா, நைதரசன் வாயுவில் 700 °C அளவில் சூடாக்கினாலே போதும் என்று காட்டினார். மூவருக்கும் 2014 இல் நோபல். அந்தச் சோடியின் கோடு 3125. அதில் ஐதரசன் பிடித்திருப்பது நைதரசனை. டியூற்றீரியம் போட்டால் 2320க்கு வரும். அங்கே காற்றின் காபனீரொட்சைட்டு குறுக்கே நிற்கும், கவனம்.

திரான்சிற்றரில் டியூற்றீரியம் எதற்கு? (கொக்குவில்)

சூடான (சக்தி மிகுந்த) இலத்திரன்கள் மோதி, ஒட்சைட்டு எல்லையிலுள்ள சிலிக்கன்–ஐதரசன் பிணைப்பை அறுக்கின்றன. டியூற்றீரியம் போட்டபோது அந்தத் தேய்வு 10 முதல் 50 மடங்கு வரை குறைந்தது என்று 1996 இல் அமெரிக்காவில் கண்டார்கள். சிலிக்கன்–டியூற்றீரியம் பிணைப்பின் வளைவு அதிர்வு 460 அளவு. பளிங்கின் சொந்த அதிர்வுகளும் அங்கே இருப்பதால் வாங்கிய சக்தி உடனே பளிங்குக்குள் வடிந்துவிடுகிறது. ஐதரசனின் 650க்கு அந்த வசதி இல்லை.