அலர்ஜி ஸ்கின் டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம்? எனக்கு ஒன்பது பொருளுக்கு பாசிட்டிவ், ஒன்பதையும் நிறுத்தணுமா?

ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஒன்பதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் எதைச் சாப்பிட்டு உங்களுக்கு உதடு வீங்கியதோ, மூச்சு முட்டியதோ, அதை டெஸ்ட் என்ன சொன்னாலும் தொடாதீர்கள். ஏன் இப்படி இரண்டு விதமாகச் சொல்கிறேன் என்பது என் பையன் கதையைச் சொன்னால்தான் புரியும்.

எங்களுக்குத் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போகிறவர், மீனோ இறாலோ இல்லாமல் சோறு இறங்குகிற நாள் எங்கள் வீட்டில் குறைவு. பையனுக்கு ஆறு வயதில், இறால் தொக்கு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துப் போனது. அத்தை காணாக்கடி என்று சொல்லி வெற்றிலையில் மிளகு மடித்துக் கொடுத்தார், நான் மெடிக்கலில் செட்ரிசின் சிரப் வாங்கி நான்கு நாள் கொடுத்தேன். ஐந்தாவது நாள் ஒரு இடத்தில் ஸ்கின் டெஸ்ட் எடுத்தோம். எதற்குமே பாசிட்டிவ் இல்லை, தாராளமாக எல்லாம் கொடுக்கலாம் என்றார்கள். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மதினி வீட்டில் இறால் சாப்பிட்டான். இந்தத் தடவை உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பாம்பன் பாலத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே இருந்தேன், அது இன்றைக்கும் மறக்கவில்லை. தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

இப்படிப் பெரிதாக வந்த உடனே டெஸ்ட் எடுத்தால் தோல் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பதால் ஆறு வாரம் விட்டு மதுரையில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனோம். அவர் பழைய ரிப்போர்ட்டை வாங்கியதும் இறால் வரியைப் பார்க்கவில்லை, ஹிஸ்டமின் என்று போட்டிருந்த வரியைப் பார்த்தார். அலர்ஜி வரும்போது உடம்பே சுரந்து தடிக்க வைக்கிற பொருள்தான் ஹிஸ்டமின். அதன் துளி வைத்த இடம் யாருக்கும் தடிக்க வேண்டும், அதற்காகத்தான் அதை வைக்கிறார்கள். அதுவே தடிக்கவில்லை என்றால் தோல் மருந்தில் அடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு எடுத்த டெஸ்ட் மொத்தமும் செல்லாது. எங்கள் காகிதத்தில் அந்த வரியில் 1 மி.மீ. என்று இருந்தது. செட்ரிசின் மாதிரி மாத்திரைகளை ஒரு வாரமாவது நிறுத்திவிட்டுத்தான் இந்த டெஸ்ட்டுக்குப் போக வேண்டும். சில சளி மருந்துகளிலும் அதே வகைப் பொருள் கலந்திருக்கும், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கிற அமிட்ரிப்டிலினும் தோலை அடக்கிவிடும். எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது டெஸ்ட்டைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துளி விட்டு, துளி வழியாகச் சின்ன ஊசி முனையால் லேசாக ஒரு குத்து, ரத்தம் வரவில்லை. கடையில் வருகிற இறால் திரவத்தோடு, நாங்கள் ஐஸில் வைத்துக் கொண்டுபோன எங்கள் ஊர் இறாலிலும் ஊசியைக் குத்தி எடுத்துக் கையில் குத்தினார். கால் மணி நேரம் சொறியக் கூடாது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான், நான் கையை ஊதிக்கொண்டே இருந்தேன். அவன் மாநிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்று டாக்டர் விரலால் தடவித் தடிப்பின் ஓரத்தைக் கண்டுபிடித்து, பேனாவால் வளைத்து, அதன் மேல் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து நோட்டில் பதித்து அளந்தார். வெறும் உப்புத் தண்ணீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். சிலருக்குத் தோலைக் கீறினாலே தடிக்கும், அந்த உப்புத் தண்ணீர்ப் புள்ளியும் வீங்கியிருந்தால் உங்கள் ஒன்பதுமே சந்தேகம்தான்.

அவனுக்கு இறால், நண்டு, வீட்டுத் தூசிப் பூச்சி, கரப்பான், நிலக்கடலை என்று ஐந்து வந்தது. ஐந்தையும் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடலை கடைசியாக எப்போது சாப்பிட்டான்? முந்தின நாள் ராத்திரி பஸ்ஸில் கடலை மிட்டாய் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் கடலையை நிறுத்த வேண்டாம் என்றார். அந்தப் பொருளுக்கு எதிராக உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்திருக்கிறது என்பதை மட்டும்தான் தடிப்பு காட்டும், சாப்பிட்டால் தொந்தரவு வருமா என்பதைக் காட்டாது. உணவு விஷயத்தில், ஒழுங்காக எடுத்த டெஸ்ட்டில் நெகட்டிவ் வந்தால் நூற்றுக்கு 95-க்கு மேல் அது சரியாக இருக்கும், ஆனால் வெறும் பாசிட்டிவை மட்டும் வைத்துச் சொன்னால் பாதிக்குப் பாதி தப்பாகப் போகலாம். தடிப்பு பெரிதாக இருந்தால் வருகிற ஆபத்தும் பெரிது என்பதும் இல்லை.

இறால், நண்டு, கரப்பான், தூசிப் பூச்சி எல்லாவற்றிலும் ட்ரோபோமயோசின் என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி புரதம் இருக்கிறது. வீட்டுத் தூசி ஆகாத ஒருவருக்கு, இறாலை நன்றாகச் சாப்பிட்டு வந்தாலும் டெஸ்ட்டில் இறால் பாசிட்டிவ் வரலாம். என் பையனுக்கு நடந்த கதையும் டெஸ்ட்டும் ஒத்துப்போனதால் இறாலும் நண்டும் அடியோடு நிறுத்தம். வேகவைத்தாலும் அந்தப் புரதம் சாகாது. இறால் வேகிற ஆவிகூடச் சிலருக்கு ஆகாது என்பதால் அவன் வீட்டில் இருக்கும்போது அடுப்பில் இறால் ஏறுவதில்லை. மீனுக்கு வேறு புரதம், அதனால் மீன் சாப்பிடுகிறான். இதை அத்தைக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது.

இந்த முறை ஒன்றும் புதிது இல்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் புல்லின் மகரந்தத்தைத் தன் தோலிலேயே கீறி வைத்துப் பார்த்து 1873-ல் எழுதினார். அவருக்கே தும்மல் நோய் உண்டு. மகரந்தத்தின் மேல் சந்தேகப்பட்டுத்தான் கீறினார். நம் பக்கத்தில் கதையைக் கேட்காமல் நாற்பது பொருளைக் கையில் குத்திப் பட்டியல் அடித்துக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு நாள் சூரைக் குழம்பு சாப்பிட்டு முகம் ரத்தச் சிவப்பாகி, தலைவலி, நெஞ்சு படபடப்பு. மீன் அலர்ஜி என்று பயந்து டெஸ்ட் எடுத்தார், நெகட்டிவ். டெஸ்ட் பொய் சொல்லவில்லை. அந்தக் குழம்பைச் சாப்பிட்ட மற்ற இரண்டு பேருக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமி பெருகி மீனுக்குள்ளேயே ஹிஸ்டமின் ஊறிவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது. டெஸ்ட்டில் துளியாக வைக்கிறார்களே, அதே பொருள்தான். இப்போது அண்ணன் ஐஸ் போட்டு வந்த சூரையைச் சாப்பிடுகிறார், ஒன்றும் செய்வதில்லை.

உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து முதலில் ஹிஸ்டமின் வரியையும் உப்புத் தண்ணீர் வரியையும் பாருங்கள். அப்புறம் ஒன்பது பெயருக்கும் பக்கத்தில், கடைசியாக எப்போது சாப்பிட்டேன், எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத பெயர்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அந்தக் காகிதத்தோடு ஒரு அலர்ஜி டாக்டரிடம் போங்கள். சந்தேகமாக மிஞ்சுகிற ஒன்றிரண்டை ஆஸ்பத்திரியில் வைத்து, அட்ரினலின் பக்கத்தில் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதை மட்டும் வீட்டில் செய்து பார்த்துவிடாதீர்கள்.