பர்மா போரில் இறந்த கொள்ளுத்தாத்தாவின் கல்லறையை எப்படித் தேடுவது? அங்கே போனால் என்ன இருக்கும்?

நானும் அப்பாவும் 2019ல் போய்வந்தோம், அதனால் சொல்கிறேன். கல்லறை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் போடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் போனோம்.

எங்கள் வீடு வியாசர்பாடி. தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். அவருடைய அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து, மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆளாக, அதாவது பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது என்று இரண்டாம் உலகப் போரில் பர்மா போனார். தந்தி வந்ததோடு சரி, உடல் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது, இறந்த சிப்பாயை ஊருக்கு அனுப்புவதில்லை என்பது பிரிட்டிஷ்காரர்கள் முதல் உலகப் போரிலேயே எடுத்த முடிவு. அவர் மனைவி, எங்கள் பெரிய ஆயா, எண்பது வயது தாண்டியும் இருந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஆறு முனை பர்மா ஸ்டார் மெடல் ஒன்றும், நாலாக மடித்து மடிப்பில் கிழிந்துபோன பழுப்புக் காகிதம் ஒன்றும் இருந்தன.

அந்தக் காகிதத்தில் இருந்த சர்வீஸ் நம்பர்தான் எங்களைக் காப்பாற்றியது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், ஆனால் நம் ஆட்களின் பெயரை அன்றைய கிளார்க் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதி வைத்திருப்பான். முனுசாமியை மட்டும் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், தலை சுற்றும். வீட்டில் பழைய காகிதம், மெடல் எது கிடைத்தாலும் விளிம்பு வரை பாருங்கள், நம்பர் இருக்கலாம். எங்களுக்குக் கிடைத்த பதிவில் அவருடைய அப்பா பெயர், 'பெரம்பூர், மெட்ராஸ்', மனைவி பெயர் எல்லாம் இருந்தது. ஆயா பெயரைத் திரையில் பார்த்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கீழே 'ரங்கூன் மெமோரியல்', அப்புறம் 'ஃபேஸ்' என்று ஒரு எண். காசிமேடு கல்லறையில் இருப்பது மாதிரி வரிசை எண் என்று நினைத்துவிட்டோம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அது தூணின் ஒரு பக்கம். உடல் கிடைத்தவர்களுக்குத்தான், பெயர் தெரியாவிட்டாலும், கல்லறை. இந்த மெமோரியல் இருக்கும் தவுக்கியான் போர்க் கல்லறையில் அப்படி 6,374 பேர். எரித்தவர்களுக்குத் தனி நினைவிடம். உடல் எங்கே போனது என்றே தெரியாத சுமார் 27,000 பேருக்கு, நடுவில் நீளமாக நிற்கும் தூண்களில் பெயர் மட்டும்.

யாங்கோனிலிருந்து (பழைய ரங்கூன்) வடக்கே பியாய் ரோட்டில் சுமார் 35 கிலோமீட்டர், டாக்ஸியில் போகலாம். தவுக்கியான் என்று சொன்னால் டிரைவருக்குப் புரியாது, 'டவ்ச்சான்' என்று சொல்லணும். 1964 வாக்கில் பர்மாவிலிருந்து வந்த எங்கள் தெரு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்காரர்தான் அப்பாவை நாலு முறை சொல்லவைத்துப் பழக்கினார். (2021ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே நிலைமை வேறு. விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.)

வெயிலில் அரை மணி நேரம் தூண் தூணாகத் தேடினோம். கடைசியில் அப்பா கண்ணில்தான் பட்டது, தலைக்கு மேல், கை எட்டாத உயரத்தில். ஒரே ஒரு பெயர், இனிஷியல்கூட இல்லை. நடு மண்டபத்தில் 'இவர்கள் சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இறந்தார்கள்' என்ற பொருளில் இங்கிலீஷ், பர்மியம், இந்தி, உருது, பஞ்சாபி (குர்முகி எழுத்தில்) என்று ஐந்து மொழியில் பொறித்திருக்கிறார்கள். தமிழ் இல்லை. அத்தனை தமிழ்ப் பெயர்கள் தூணில் இருக்கும்போது இது எனக்கு உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

பூ வைக்கலாம், யாரும் தடுக்கவில்லை. சூடம் ஏற்ற எங்களுக்கே தயக்கமாக இருந்தது, ஏற்றவில்லை. மண் எடுத்துவரலாம் என்று போயிருந்தோம், ஆனால் அவர் அந்த மண்ணிலேயே இல்லையே. அப்பா கல்லறைகள் பக்கம் ஒரு நடை போய், 'இந்தியச் சிப்பாய்' என்று மட்டும் எழுதியிருந்த ஒன்றின் முன்னால் மீதிப் பூவை வைத்துவிட்டு வந்தார். இவராகவே இருந்தாலும் இருக்கும்டா என்றார்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் அந்தப் பதிவில் ஒரு பயன் உண்டு: தேதி. அவர் இறந்த நாள் தெரியாமல் ஆயா கடைசி வரை மாளய அமாவாசையில்தான் படையல் போட்டார். பதிவில் 1945 மார்ச் 6 என்று இருந்தது. பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் கொடுத்தோம், மாசி தேய்பிறைத் திதி என்று கணக்குப் போட்டுச் சொன்னார். இப்போது அந்தத் திதியில்தான் படைக்கிறோம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை. ஆயா வருஷா வருஷம் கருவாட்டுக் குழம்புதான் வைப்பார், அதையே வைக்கிறோம்.