பேட்டி இருக்கட்டும், அப்பாவிடம் சொன்னாயா?

கேள்வி: நான் தன்பாலீர்ப்பாளன். வயது 27, சென்னையில் வேலை. அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். அமெரிக்க விமானப்படை வீரர் லெனார்ட் மாட்லோவிச்சைப் பற்றிப் படித்ததும் எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. ஜூன் மாத வானவில் பேரணியில் முகம் மறைக்காமல் நடந்து, ஒரு யூடியூப் சேனலுக்குப் பேட்டியும் தரப்போகிறேன். அம்மாவுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அப்பாவிடம் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பெண் பார்க்கும் பேச்சு வந்தால் ஜாதகத்தில் தோஷம் என்று அம்மாவே தள்ளிப்போட்டுவிடுவார். நான் செய்வது சரிதானே?

பதில்: தம்பி, துணிச்சலுக்குச் சான்றிதழ் கேட்கிறாய், அதை நான் தருவதாக இல்லை. தோஷம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதைப் பேசுவோம்.

மாட்லோவிச்சின் கல்லறை வரியைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள்: இரண்டு பேரைக் கொன்றதற்குப் பதக்கம், ஒருவனைக் காதலித்ததற்குப் பணிநீக்கம். நல்ல வரிதான். வியட்நாமுக்கு மூன்று முறை போய், கண்ணிவெடியில் அடிபட்டுப் பிழைத்த அந்த மனிதர், 1975 மார்ச்சில் லாங்லி விமானப்படைத் தளத்தில் தான் தன்பாலீர்ப்பாளன் என்று எழுதிய கடிதத்தைத் தன் மேலதிகாரியிடம் நேரில் நீட்டினார். அக்டோபரில் வேலை போனது. 1980-ல் நீதிமன்றம் திரும்ப எடுக்கச் சொன்ன பிறகு, 1,60,000 டாலர் கொடுத்து விமானப்படை கணக்கை முடித்துக்கொண்டது.

ஆனால் வீட்டு விஷயத்தில் அவர் கோட்டை விட்டார். அம்மாவிடம் போனில் சொன்னார். அந்த அம்மாள், தான் செய்த ஏதோ பாவத்துக்குத் தண்டனையோ என்று நொந்துபோய், கணவரிடம் மூச்சு விடவில்லை. அப்பாவும் விமானப்படை சார்ஜெண்ட்தான், மகன் சேதியைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டார். அழுதார், அப்புறம் அவனால் தாங்க முடிந்தால் என்னாலும் முடியும் என்று நிமிர்ந்துவிட்டார். உன் அப்பாவும் நிமிர்வார் என்று நான் எப்படி வாக்குக் கொடுக்க?

உன் பேட்டியை அவருடைய பழைய ரெஜிமெண்ட் வாட்ஸ்அப் குழுவில் எவராவது போடுவார், "இது உங்க பையன்தானே சார்" என்று. அன்று அவர் கோபம் சென்னையில் இருக்கும் உன் மேல் விழாது. "ரெண்டு வருஷமா தெரிஞ்சும் மறைச்சியா" என்று அடுப்படியில் நிற்கிறவளைத்தான் கேட்பார். உன் ரகசியத்தை அவள் முந்தானையில் முடிந்துவிட்டு நீ பதாகை பிடிக்கப் போகிறாய்! பெற்றவளைப் புருஷனிடம் தினம் பொய் சொல்ல வைப்பதற்குப் பெயர் உரிமைப் போராட்டமா? தோஷம் கழியட்டும் என்று எந்தப் பெண் வீட்டாராவது காத்திருந்தால் அந்தப் பாவம் வேறு.

தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவிலிருந்து உன்னை 2018-லேயே உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. போலீசுக்கு நீ பயப்படவில்லை, ஊருக்கும் பயமில்லை என்கிறாய். மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். அவர் கை நீட்டுகிறவர் என்றும் நீ எழுதவில்லை.

இந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போ. அம்மாவை முன்னால் விடாமல் தனியாகப் பேசு. சத்தியம் வாங்கியது நான்தான், அம்மா மேல் தப்பில்லை என்பதை முதலில் சொல், மற்றதை அப்புறம் சொல். கத்தினால் கத்தட்டும். பஸ் பிடித்து ஓடி வராமல் ஞாயிறும் அங்கேயே இரு. பேட்டிக்கு ஜூன் வரை நேரமிருக்கிறது.