வாசகர் கேள்வி-பதில்: ஊழியம் செய்தும் சமாதானம் இல்லையே?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நான் பிளஸ் டூ படிக்கிறேன். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததிலிருந்து படபடப்பாக இருக்கிறது, தூக்கமும் வருவதில்லை. பிறருக்கு ஊழியம் செய்தால் சமாதானம் தானாக வரும் என்று எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் சொன்னார்கள். அதன்படி மதிய இடைவேளையில், பார்வையற்ற வகுப்புத் தோழி ஒருத்திக்கு வரலாற்றுப் பாடம் வாசித்துக் காட்டுகிறேன். மாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நேரத்தில் மனம் இலேசாகிறது. வீட்டுக்கு வந்ததும் பழைய பயம் வந்துவிடுகிறது. போன வாரம் அந்தத் தோழி, "இன்றைக்கு வேண்டாம், ஆடியோவில் கேட்டுக்கொள்கிறேன்" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் விசுவாசத்தில் குறையா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: மகளே, உன் விசுவாசத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூடுகையில் உனக்குச் சொல்லப்பட்டதில்தான் வரிசை மாறியிருக்கிறது. "சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன்" என்று இயேசு சொன்னபோது (யோவான் 14:27), கேட்டுக்கொண்டிருந்த சீஷர்கள் அதைச் சம்பாதிக்கத்தக்க எதையும் செய்து முடித்திருக்கவில்லை. சில மணி நேரத்தில் அவரை விட்டு ஓடிப்போகவிருந்தவர்களுக்கே அவர் அதைக் கொடுத்தார். பிலிப்பியருக்கு எழுதிய பவுலும் கவலைக்கு மருந்தாக வேலையைச் சொல்லவில்லை. ஸ்தோத்திரத்தோடு கூடிய ஜெபத்தைச் சொல்லி, அதன்பின் "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" இருதயத்தைக் காக்கும் என்கிறார். அதை எழுதியபோது அவர் காவலில் இருந்தார். ஊர் ஊராகப் போய்ச் செய்துவந்த ஊழியம் தடைப்பட்டிருந்த வேளை அது. ஆகவே ஊழியம் சமாதானத்துக்குக் கொடுக்கும் விலை அன்று. இலவசமாகப் பெற்றவர்கள் அதன்பின் செய்வது.

உனக்கு வந்த அழுகையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள். தோழி மறுத்தது வாசிப்பை மட்டுமே; உனக்கோ உன்னையே மறுத்ததுபோல் இருந்திருக்கிறது. உன் படபடப்பைத் தணிக்கும் பொறுப்பு, அவளுக்கே தெரியாமல் அவள் தலையில் ஏறிவிட்டது என்பதைத்தான் இது காட்டுகிறது. எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயு குருடன் என்பது கண்டவர் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் இயேசு அவனிடம், உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்ட பிறகே செயல்பட்டார் (மாற்கு 10:51). நீயும் தோழியிடம் கேட்டுப்பார். பாடம் ஆடியோவில் கிடைக்கலாம். ஆனால் வரைபடத்தில் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதையும், ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டு வாய்விட்டுச் சொல்லாமல் போனதையும் யாராவது ஒருவர் அவளுக்குச் சொல்லத்தானே வேண்டும்? அவள் அதைக் கேட்கக்கூடும். ஒன்றும் வேண்டாம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிடு. தோழிக்கு அதுவும் போதும்.

அதே மாற்கு 10-ஆம் அதிகாரத்தின் 45-ஆம் வசனம்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகத்துக்கு மூலம்: ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்ய. அதை நிறுவிய ஐடா ஸ்கடர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவன்மார் தம் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் தகப்பனார் மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அந்த வீடுகளில் சம்மதம் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். கலங்கிப்போன ஐடா மறுநாளே பிரசவம் பார்க்கப் புறப்படவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்ற பிறகே வேலூருக்கு வந்து 1900-இல் சிகிச்சையைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் பிறந்தது. இதை எழுதுவதற்குக் காரணம், சொந்தப் படிப்பை ஓரங்கட்டிவிட்டுச் செய்வதுதான் தியாகம் என்று உன் வயதில் எளிதாகத் தோன்றிவிடும் என்பதே. பொதுத்தேர்வு முடியும்வரை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மாலை போதும். நீ உன் பாடத்தைப் படிக்கும் மணி நேரத்தையும் ஆண்டவர் ஊழியமாகவே எண்ணுவார் என்று நான் நம்புகிறேன். சாப்பிடவும் நேரமில்லாமல் உழைத்த சீஷர்களை "சற்றே இளைப்பாறும்படி" தனியிடத்துக்கு அழைத்தவரும் அவர்தாமே (மாற்கு 6:31)!

தூக்கமின்மை தொடர்ந்தால் அதை ஜெபக் குறைவு என்று யார் சொன்னாலும் நம்பாதே. வீட்டில் சொல், மருத்துவரைப் பார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழாவின்போது ஏழை மாணவர்களை மேடைக்கு அழைத்துச் சீருடையும் ஜியாமெட்ரி பாக்ஸும் கொடுத்து, வேதவசன அட்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம். சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். நல்லதைத்தானே செய்கிறோம்?
- ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: பெற்றோர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது, அம்மா. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்றவரின் பிறந்தநாளில், ஒரு பிள்ளையின் வறுமையைப் பள்ளி முழுவதற்கும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம். பெயரை வாசித்ததும் அந்தப் பிள்ளை குனிந்த தலையோடு படியேறுவதையும், புகைப்படக்காரர் "நிமிர்ந்து பார்" என்று அதட்டுவதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேறு சமயத்துப் பிள்ளையின் சீருடைக்குள் வசன அட்டையை வைப்பது, உதவிக்கு நிபந்தனை இருக்கிறதோ என்ற ஐயத்தையே அந்த வீட்டில் எழுப்பும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே, வகுப்பாசிரியர் வழியாகப் பெற்றோரிடம் உறையிட்டுக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர்வரை அந்தப் பிள்ளை ஏன் பழைய சீருடையில் வரவேண்டும்?